பந்தை விட்டுப் பூமியை அடித்தேன்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கொஞ்ச காலமாக இந்தப் பக்கத்தில் நான் வராததற்குக் காரணம், கோல்ஃப்.

ஆமாம், கோல்ஃப்தான். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் நுவரெலியாவில் பச்சைப் புல்லின் மேல் நடந்து நடந்து ஆடுகிறார்களே, அதே ஆட்டம். அதை நானும் ஆடினேன். ஆடி, என் விலா எலும்பில் இரண்டை உடைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் நல்ல மனிதர். 'உடல்நலக் குறைவு காரணமாக இந்த வாரம் பத்தி இடம்பெறவில்லை' என்று கௌரவமாக ஒரு கட்டம் கட்டிப் போட்டார். அதைப் பார்த்து, இருதயமோ என்று பயந்து சிலர் கடிதம் எழுதியிருந்தார்கள். மாத்தளையிலிருந்து ஒரு வாசகர் கஷாயம் ஒன்றின் செய்முறையையே அனுப்பியிருந்தார் — மூலத்துக்கு. அத்தனை பேருக்கும் என் நன்றி. இருதயமும் இல்லை, மூலமும் இல்லை. வெறும் முட்டாள்தனம்.

கோல்ஃப் ஆடி ஒருவன் எப்படி எலும்பை உடைத்துக்கொள்ள முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது என்ன குத்துச்சண்டையா? எதிரே யாராவது நிற்கிறார்களா? பந்து அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது. ஓடுவதில்லை, பாய்வதில்லை, முறைப்பதுகூட இல்லை... அதனிடம் போய் ஒருவன் தோற்க வேண்டுமென்றால் தனித்திறமை வேண்டும். அது என்னிடம் இருந்தது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ள மறந்துபோனவன் என்பதும் தெரியும். தெரியாதது, என் வீட்டுச் சுவர். எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையைக் கட்டி ஆளுகிற டீமேக்கர் அந்தோனிசாமியும் அவர் மனைவி அற்புதமும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தோனிசாமி வீட்டு முன்னறையில் முந்நூற்றிநாலு ஆடுவோம். நாலு கை வேண்டிய சீட்டாட்டம். அந்தோனிசாமியும், சந்தியில் கடை வைத்திருக்கும் மொகிதீன் நானாவும் ஒரு கட்சி. தோட்டத்தாருக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நடராசாவும் நானும் எதிர்க்கட்சி. காசு வைப்பதில்லை, வைத்திருந்தால் நானா வந்திருக்க மாட்டார். இஞ்சி போட்ட பிளேன்டீயும், சத்தமும், ஒருவரையொருவர் மட்டம்தட்டுவதும்தான் பந்தயம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், திங்கள் முதல் சனி வரை நான் பேசுவதெல்லாம் பேச்சே இல்லை. "எத்தனை பேர் வேலைக்கு?" "கொழுந்து எவ்வளவு?" "கையெழுத்துப் போடு." இதைப் பேச்சு என்பீர்களா? வாரத்தில் ஒரு மத்தியானம்தான் நான் மனிதர்களோடு பேசினேன். அதைத்தான் கொண்டுபோய் கோல்ஃபுக்குக் கொடுத்தேன்.

நடந்தது இப்படி.

எங்கள் பழைய வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். இளம் வயது. நம் நாட்டு ஆள் ஒருவர் பெரிய பங்களாவில் குடியேறுவது எங்கள் தோட்டத்துக்கு அதுவே முதல் தடவை. அவரும் முறைப்படி கிளப்பில் சேர்ந்தார். கோட்டு, கழுத்துப்பட்டி, கோல்ஃப் மட்டைகள் எல்லாம் வாங்கினார். கிளப்பில் எல்லோரும் அவருக்கு மிகவும் மரியாதையாக 'குட் ஈவினிங்' சொன்னார்களாம். அத்தோடு சரி. ஆட வா என்று ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார். ஒரு சனிக்கிழமை, கையெழுத்துகள் எல்லாம் போட்டு முடித்தபிறகு, பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் கிளாக்கர், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

'மிஸ்டர்'! இருபது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து, 'ஏய் கிளாக்கர்' என்பதைத் தவிர வேறு கேட்டறியாத காது இது. அந்த ஒரு மிஸ்டரில் நான் விழுந்தேன்.

"ஒன்றுமில்லை சார்" என்றேன்.

பங்களாவுக்குப் பக்கத்தில் பழைய குதிரைக் கொட்டில் இருந்த புல்வெளியில் மூன்று குழி தோண்டி, மூன்று கொடி நட்டு வைத்திருந்தார். "என்னோடு ஆட ஓர் ஆள் வேண்டும். கற்றுத் தருகிறேன்" என்றார்.

சீட்டு மேசையில் நான் சொன்னது வேறு. "என்ன செய்ய? துரை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். கட்டாயமாம்! நான் அன்று மாலையே பழைய பெட்டியைத் திறந்து முழங்கால் வரை வரும் காலுறை தேடியது அவர்களுக்குத் தெரியாது.

"அப்ப இனிமே ஒங்களுக்கு நாங்களும் சலாம் போடணுமோ?" என்றார் அந்தோனிசாமி.

"தொரட கூட்டாளி ஆகிட்டாரு. இனி நம்ம கட பிஸ்கட்டு இவருக்கு எறங்குமா?" என்றார் நானா.

நடராசா டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர்; கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கலைத்தார். எதிரே உட்கார்ந்து ஆடுகிற சொந்தக் கட்சிக்காரன் எழுந்து போகிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் காலுறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோல்ஃப் பார்க்கச் சுலபம். பந்தைப் பார்க்க வேண்டும், மட்டையைப் பின்னால் ஓங்க வேண்டும், பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வீச வேண்டும். நான் பந்தைப் பார்த்தேன். பந்தும் என்னைப் பார்த்தது. ஓங்கி வீசினேன். பந்துக்கு ஒரு சாண் பின்னால் இருந்த பூமியில் விழுந்தது அடி. புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி கிளம்பிப் பறந்தது. துரை தலையாட்டினார்.

"கட்டி நன்றாகப் போகிறது. அடுத்தது பந்து" என்றார்.

அடுத்ததும் கட்டிதான். அதற்கடுத்த வாரங்களிலும் கட்டிதான். ஒரு திங்கட்கிழமை கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"ஐயா, குதிர நெலத்துல புதுசா தேயிலக் கன்னு வைக்கப் போறமுங்களா?"

"யார் சொன்னது?"

"குழி வெட்டிக் கெடக்குங்களே. வெட்டுனவன் யாருன்னு தெரியல... வரிச கோணலா இருக்குங்க."

விடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் இடது பக்கம் லேசாக வலித்தது. புதிய ஆட்டம், உடம்பு பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைசி ஞாயிறு, வெயில் காய்ந்து தரை இறுகிக் கிடந்தது. துரை பார்க்கிறார் என்ற உற்சாகத்தில் என் ஆயுளிலேயே பெரிய வீச்சாக ஒன்று வீசினேன். மட்டை பூமியில் குத்தி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. உடம்பு பாதி சுற்று சுற்றிப் போனது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி அடுப்பில் முறிபடும்போது ஒரு சத்தம் வருமே — அந்தச் சத்தம் என் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

பந்து இரண்டு முழம் நகர்ந்திருந்தது.

"முன்னேற்றம்!" என்றார் துரை.

நான் சிரித்தேன். மூன்று குழியையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். துரை முன்னால் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா? மிஸ்டர் அல்லவா!

இனிமேல்தான் முட்டாள்தனத்தின் உச்சம்.

கூப்பிடு தூரத்தில் டிஸ்பென்சரி. அதில் நடராசா. என்ன வேளையானாலும் கதவைத் தட்டலாம், தட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எந்த முகத்தோடு தட்டுவது? மூன்று கையோடு அவரை உட்கார வைத்துவிட்டுப் போனவன், கோல்ஃப் மட்டையால் என்னையே அடித்துக்கொண்டு வந்து நிற்பதா? இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். படுத்தால் மூச்சு விட முடியவில்லை. 'மூச்சுப் பிடிப்புத்தான், தானே விட்டுவிடும்' என்று எனக்கு நானே வைத்தியமும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாயந்தரம் செல்லாயி வந்தாள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து என் வீட்டைக் கூட்டித் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள். வாயாடி.

"என்னாங்கய்யா, ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க? தேயில லாரி மாதிரி?"

"மூச்சுப் பிடிப்பு."

"எங்கிட்டு?"

காட்டினேன்.

"அட, இதுக்கா இம்புட்டு மொணகல்? நான் காலு முன்னுக்க வந்து பொறந்தவங்கய்யா! மூணு லயத்து வீட்டுலயும் யாருக்குப் பிடிப்புன்னாலும் என்னையத்தான் கூப்புடுவாங்க. குப்புறப் போட்டு ஒரு மிதி. எந்திரிச்சு ஓடிருவாங்க."

உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்களுடைய காலுக்கு ஒரு சக்தி உண்டு, அவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்மவர் நம்பிக்கை. நான் நாலு புத்தகம் படித்தவன். இதைக் கிண்டல் செய்து இதே பத்தியில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் மூச்சு விட முடியாதவனுக்குப் புத்தகம் எதற்கு?

"சரி, மிதி" என்றேன்.

செல்லாயி திடீரென்று இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயா மேல எப்புடிங்க கால வைக்கிறது? பாவமில்லீங்களா?"

"எனக்கு ஆட்சேபணை இல்லை."

"ஒங்களுக்கு இருக்காது. எனக்கு? செக்ரோல் சம்பளப் பொஸ்தகத்துல எனக்குப் பேரு போடுறவங்களே நீங்க. ஒங்க முதுகுல மிதிச்சேன்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? சங்கத் தலைவரு எனக்கு மாலை போட்டு ஊர்கோலம் கூட்டிக்கிட்டுப் போயிருவாருங்க!"

யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். செல்லாயி வெளியே போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மன்னிச்சுக்கங்கய்யா" என்று என் முதுகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மிதித்தாள்.

இத்தனை வருஷ வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் மிதித்திருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு மிதித்தவள் இவள் ஒருத்திதான்.

நான் போட்ட அலறலில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தோனிசாமி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். வந்தவர் பார்த்தார், அப்படியே திரும்பி ஓடினார். நடராசாவோடு வந்தார்.

நடராசா என் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு விரலால் விலாவைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம்?"

"நேற்றுப் பின்னேரம்."

"ஏன் உடனை என்னட்டை வரேல்லை?"

நான் பாயின் கோரையை நகத்தால் கிள்ளினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. "எலும்பு வெடிச்சிருக்கு. ஆஸ்பத்திரியிலை படம் எடுக்க வேணும்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பார். அன்றைக்கு ஒரு நோயாளியிடம் பேசுவது போல, அளவாக, மரியாதையாகப் பேசினார். செல்லாயியின் கால் கொடுத்த வலியைவிட அந்த மரியாதை அதிகமாக வலித்தது.

தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நுவரெலியாவுக்குப் போனேன். லிந்துலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் உள்ள வளைவுகள் எத்தனை என்று என் விலாவைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இரண்டு எலும்பில் விரிசல். கோல்ஃப் பாதி, செல்லாயி பாதி என்று நான் பிரித்துக்கொண்டேன்.

இளவயது டாக்டர் ஒருவர் நெஞ்சைச் சுற்றி அகலமான பிளாஸ்டரை இறுக்கி ஒட்டினார்.

"பாரம் தூக்கக்கூடாது. குனியக்கூடாது. இருமல், தும்மல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக — சிரிக்கக்கூடாது" என்றார். அப்புறம், "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான்."

"அப்படியானால் பிரச்சினை இல்லை" என்றார்.

அவர் ஓய்வைப் பற்றித்தான் சொன்னார். இரைச்சல் இல்லாத வீடு, நல்லது என்ற அர்த்தத்தில். ஆனாலும் லாரியில் திரும்பி வரும்போது அந்த வாக்கியம் ஒவ்வொரு வளைவிலும் என் மேல் வந்து சாய்ந்தது.

டாக்டரின் கட்டளைகளில் தும்மல் விஷயத்தில் நான் தவறியிருக்கிறேன். குனிந்திருக்கிறேன். சிரிக்காதே என்ற கட்டளையை மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல் கடைப்பிடித்தேன்.

நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தனியாக இருக்கிற மனிதன் அழுவான். முனகுவான். பாடுவான். ரேடியோவோடு சண்டை போடுவான். ஆனால் வாய்விட்டுச் சிரிக்க மாட்டான். அதற்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். வாராவாரம் ஊரைச் சிரிக்க வைக்கிறேன் என்று பெயர் வாங்கிய நான், என் சொந்த வீட்டுக்குள் எப்போதாவது சிரித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நிறைய நேரம் இருந்தது. ஞாபகம் வரவில்லை.

மலையில் பகல் சீக்கிரம் முடிந்துவிடும். மத்தியானம் தாண்டினால் பனி இறங்கி ஜன்னலை மூடும். அப்புறம் கூரையில் தூறல். சுடுதண்ணீர் போத்தலைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நேராக, படம் எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். கதவைத் தட்டும் சத்தத்துக்காகக் காது தானாகவே வாசலில் போய் நிற்கும். செல்லாயி குற்ற உணர்ச்சியில் தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயாடி பேசாவிட்டால் வீடு இன்னும் பெரிதாகிவிடுகிறது. நடராசா பிளாஸ்டரைப் பார்க்க வருவார். "மூச்சு இழுங்கோ. விடுங்கோ." போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை.

துரையும் ஒரு தடவை வந்தார். துரை ஒருவர் கிளாக்கர் வீட்டு வாசல் ஏறுவது பெரிய விஷயம். லயமெல்லாம் எட்டிப் பார்த்தது. கையில் ஒரு பை தோடம்பழம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "ஐ ஆம் வெரி சாரி" என்றார். "நான் உங்களைச் சரியாக நிற்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், போனார்.

அந்த ஞாயிறு என் ஜன்னலிலிருந்து குதிரை நிலத்தைப் பார்த்தேன். துரை தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பந்தை அடிப்பார். எங்கே விழுகிறதென்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவரே நடந்துபோய்த் தேடி எடுப்பார். மறுபடி அடிப்பார். நல்ல அடிகள், பாராட்டத்தான் ஆளில்லை. கையை உயர்த்திக் காட்டலாம் என்று நினைத்தேன். விலா விடவில்லை. விலா நன்றாக இருந்தாலும் உயர்த்தியிருப்பேனா, தெரியாது.

ஒரு விசித்திரம் பாருங்கள். துரையோடு கிளாக்கர் கோல்ஃப் ஆடலாம். அது துரையின் பெருந்தன்மை. கிளாக்கருடைய சீட்டு மேசைக்குத் துரை வர முடியுமா? வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம். நின்றுகொண்டு எப்படிச் சீட்டாடுவது? 'சார், உங்களுக்கு முந்நூற்றிநாலு தெரியுமா?' என்று கேட்கத் தோட்டத்தில் ஒருவருக்கும் தைரியம் வராது. எனக்கும் வரவில்லை. மேலே பங்களாவில் ஒரு மனிதர், கீழே குவார்ட்டர்ஸில் ஒரு மனிதர். நடுவில் தேயிலை.

சரி, எனக்காவது மேசை இருந்ததா? அதுவும் இல்லை. நான் கோல்ஃபுக்குப் போன சில வாரத்திலேயே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியாரை நாலாவது கையாக உட்கார வைத்துவிட்டார்கள். அமைதியான பையன், கண்ணாடி போட்டவர். நடராசாவுக்கு எதிரே, என் நாற்காலியில். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பேரை வைத்துக்கொண்டு அவர்கள் எத்தனை ஞாயிறு எனக்காகக் காத்திருப்பார்கள்?

குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனால் சுவர் மெல்லியது. ஞாயிறு மத்தியானம் நாற்காலிகள் இழுபடும். பிளேன்டீக் கோப்பை கலகலக்கும். நானா ஏதோ சொல்வார். சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் தெரியாது. பசியோடு இருப்பவனுக்குப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு மணக்கும் பாருங்கள், அந்த அவஸ்தை.

போன ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. தாங்க முடியவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்ச் செம்பைக் காலி செய்து, அதன் வாயைச் சுவரில் வைத்து, அடியில் காதை வைத்தேன். பெரிய கிளாக்கர். பத்தி எழுத்தாளர். ஒரு பக்கம் பிளாஸ்டர், மறுபக்கம் செம்பு.

அந்தோனிசாமி செல்லாயி குரலில் பேசிக்கொண்டிருந்தார். "'ஐயா, மன்னிச்சுக்கங்கய்யா!' — ஒரு கும்புடு. ஒரு மிதி. 'ஆத்தா'ன்னு ஒரு சத்தம் பாருங்க, ஸ்டோர்ல மெசினு நின்னு போச்சு!"

"ஒரு தரம் கும்பிட்டதுக்கு ரெண்டு எலும்பு" என்றார் நானா. "அவ அஞ்சு வேளயும் கும்பிட்டிருந்தா மனுசன் மவுத்தாகியிருப்பாரு!"

யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாளே, அந்தச் செல்லாயியின் சத்தியம் மூன்று லயத்தையும் சுற்றி வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரத்தான் பார்த்தது. அதற்குள் நடராசாவின் குரல் — நிதானமாக, மருந்து கலக்குவது மாதிரி —

"நான் போய்ப் பாக்கேக்கை மனிசன் பாயிலை குப்புறக் கிடக்கிறார். பக்கத்திலை செல்லாயி நிண்டு குழறிக் குழறி அழுகிறாள். ஆர் ஆரை மிதிச்சதெண்டு எனக்கு விளங்கேல்லை. முதல்லை அவளின்ரை காலைத்தான் பிடிச்சுப் பாத்தனான், முறிஞ்சு போச்சோ எண்டு!"

நான் சிரித்துவிட்டேன்.

அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி விலாவில் முட்டி, இரண்டு விரிசலையும் பிடித்து உலுக்கிவிட்டு, அலறலாக வெளியே வந்தது. செம்பு தரையில் விழுந்து மேசைக்கடி வரை உருண்டுகொண்டே போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.

பிறகு அந்தோனிசாமியின் குரல் கேட்டது, சுவருக்கு மிகப் பக்கத்தில்:

"கிளாக்கரய்யா! அங்கிட்டு நின்னுதானே கேக்குறீங்க? ஏன் அந்தச் செவுத்தப் போட்டு அழுத்துறீங்க, அது தோட்டத்துச் சொத்து. இங்கிட்டு வந்து ஒக்காந்து கேளுங்க. இன்னும் பாதிக் கத இருக்கு!"

ஒரு கையால் சட்டை போடுவது லேசான காரியமில்லை. பட்டனை மாற்றி மாற்றிப் போட்டேன். வெளியே வந்து, அவர்கள் வாசல் வரை உள்ள அந்தச் சின்ன தூரத்தைக் கடப்பதற்குள் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். என்ன சொல்வது? மன்னிப்பா? எப்படித் தொடங்குவது? எழுத்தாளனுக்கு முதல் வாக்கியம் எப்போதுமே தகராறுதான்.

வாசலில் போய் நின்றேன். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. நாலிலும் ஆள். ஆட்டம் நடுவில் இருந்தது. எல்லோர் கையிலும் சீட்டு.

வாத்தியார் பாதி எழுந்தார். "நீங்க ஒக்காருங்கய்யா" என்றார். எழுந்தவர் முழுதாக எழாமல் நடராசாவைப் பார்த்தார். அந்தோனிசாமியும் நடராசாவைப் பார்த்தார். நானாவும் பார்த்தார். அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவர் அவர்தானே. நான் மட்டும் தரையைப் பார்த்தேன்.

நடராசா தன் கையிலிருந்த சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார். மூடினார்.

"சிரிச்சனீங்களோ?" என்று கேட்டார், சீட்டைப் பார்த்தபடியே.

"ஆமாம்."

"நொந்ததோ?"

"உயிர் போயிற்று."

"அப்ப சுகப்பட்டு வருது. முந்தியெண்டால் மயங்கி விழுந்திருப்பியள்" என்றார். பிறகு கையை நீட்டி, மேசையில் கிடந்த சீட்டு, எல்லோர் கையிலும் இருந்த சீட்டு, அத்தனையையும் வாரி எடுத்தார். "இந்த ஆட்டம் செல்லாது. புதுசாப் போடுவம்."

வாத்தியார் நகர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதி மட்டுமே தயாராகியிருந்த மன்னிப்பு வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. இருட்டும் வரைக்கும் ஆடினோம். கோல்ஃபைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்லாயியைப் பற்றி மட்டும், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவர் என்று முறை வைத்துச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். டாக்டர் எனக்குப் போட்ட கட்டு எல்லாம் வீண். அன்றிரவு முதல் முறையாகப் படுத்தே தூங்கினேன்.

மனம் நிறைந்திருந்தது. என்னை எவ்வளவு தேடியிருந்தால் அந்தோனிசாமி சுவரில் வாயை வைத்துக் கூப்பிட்டிருப்பார்! மறுநாள் காலை வேலியோரம் அற்புதம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

"நீங்க திரும்பி வந்தது எங்களுக்குப் பெரிய ஒபகாரமுங்க ஐயா" என்றார். "அந்த வாத்தியாரு வந்ததுலேருந்து எங்க வீட்டுக்காரவுங்க ஒரு ஆட்டம் ஜெயிக்கலீங்க. ஞாயித்துக்கெழமையானா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு சோறு திங்க மாட்டாங்க. நேத்து ஜெயிச்ச சந்தோசத்துல கேட்டு கேட்டு வாங்கிச் சாப்புட்டாங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்... அந்த ஆட்டத்த மட்டும் நல்லாக் கத்துக்கிறாதீங்க!"